கூட்ஸ் வண்டி போன பிறகும் நம் ரயில் ஏன் நிற்கிறது?

லூப் லைனில், அதாவது ரயில் ஒதுங்கி நிற்க மெயின் லைனிலிருந்து பிரியும் பக்கப் பாதையில், நின்றுகொண்டிருந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கூட்ஸ் வண்டியின் வேகன்களை எண்ணியிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வேகன். கடைசியில் பிரேக் வேன், அதன் முதுகில் சிவப்பு விளக்கு. நாங்கள் போக வேண்டிய திசையிலேயே எங்களை முந்திக்கொண்டு போனது. முழுவதும் கடந்துபோக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. கீழே இறங்கி நின்றவர்கள் அவசரமாக ஏறிக்கொண்டார்கள். ஆனால் எங்கள் ரயில் கிளம்பவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது, சிக்னல் கிடைத்தபோது இருபதைத் தாண்டிவிட்டது. எதிர் சீட்டில் இருந்த பெரியவர், "அதான் போயாச்சே, இன்னும் எதுக்கு நிக்கிறான்?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். ரயில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு துண்டுக்குப் பிளாக் செக்‌ஷன் என்று பெயர். பழைய முறையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட பாதை முழுவதும் ஒரே துண்டு. அதற்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முந்திப்போன கூட்ஸ் அடுத்த ஸ்டேஷனை அடைந்து, அதன் கடைசிப் பெட்டியும் உள்ளே வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் நமக்கு வழி. அடுத்த ஸ்டேஷன் 12 கிலோமீட்டரில் இருக்கிறது, கூட்ஸ் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், அந்தத் தூரத்துக்கே 16 நிமிடம். அப்புறம் பாதை பிரியும் இடத்தில் பாயிண்ட் மாற்ற வேண்டும், சிக்னல் கொடுக்க வேண்டும், நம் ரயில் லூப்பிலிருந்து ஊர்ந்து மெயின் லைனுக்கு வர வேண்டும். ஒரு நிமிடத்தில் கடந்துபோன வண்டிக்காக இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பது இப்படித்தான்.

சாலையில் லாரி மெதுவாகப் போனால் பஸ் ஒடித்து முந்திவிடும். தண்டவாளத்தில் அது நடக்காது. லூப் லைன் இருக்கும் இடத்தில் மட்டுமே ஒதுங்கவோ முந்தவோ முடியும். அந்த லூப்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு நீளம் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். பயணிகள் ரயில் தாமதமாவது அன்றைய சிக்னலில் நடக்கும் தவறு என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது எப்போதோ ஒரு திட்ட அறையில் முடிவாகிப்போன தாமதம்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை, நடுவில் ஒதுங்க இடமே இல்லை. பயணிகள் ரயில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் 36 நிமிடம். கூட்ஸ் 50 கிலோமீட்டரில் போனால் 72 நிமிடம். ஐந்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ரயில் விடும் அளவுக்கு நல்ல சிக்னல் வசதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே பயணிகள் ரயிலாக இருந்தால் மணிக்கு 12 ரயில் விடலாம். எல்லாமே கூட்ஸாக இருந்தாலும் அதே 12தான். மெதுவாகப் போவது மட்டும் பாதையை அடைப்பதில்லை.

இப்போது ஒரு கூட்ஸ், ஒரு பயணிகள் ரயில் என்று மாற்றி மாற்றி விடுங்கள். கூட்ஸ் கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் பயணிகள் ரயிலை அனுப்பினால், வழியிலேயே அது கூட்ஸின் வாலைப் பிடித்துவிடும். வால் பிடிக்காமல் முழு வேகத்தில் போக வேண்டுமானால், கூட்ஸ் கிளம்பி 41 நிமிடம் கழித்துத்தான் அனுப்ப வேண்டும். அதற்குப் பின்னால் ஐந்து நிமிடத்தில் அடுத்த கூட்ஸ். ஆக, இரண்டு ரயிலுக்கு 46 நிமிடம். மணிக்கு 12 ரயில் போன பாதையில் இப்போது மூன்றுகூட முழுதாகப் போகவில்லை. தண்டவாளமும் சிக்னலும் அப்படியேதான் இருக்கின்றன. வேக வித்தியாசம் ஒன்றே மீதியைத் தின்றுவிட்டது.

அதே பாதையின் நடுவில், 30 கிலோமீட்டரில், கூட்ஸ் ஒதுங்க ஒரு லூப் போட்டால் 46 நிமிடம் ஏறக்குறைய 28 ஆகக் குறைகிறது. லூப்புக்குள் நுழைந்து வெளியேறும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை, என்றாலும் ஒரு லூப் எவ்வளவு செய்கிறது என்று தெரியும். லூப் போடாமலே இன்னொரு வழியும் உண்டு. நான்கு கூட்ஸை வரிசையாக விட்டுவிட்டு, அப்புறம் நான்கு பயணிகள் ரயிலை வரிசையாக விட்டால் எட்டு ரயிலும் 76 நிமிடத்தில் முடிந்துவிடும். ரயில்வேக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நடுப்பகலில் சில வழித்தடங்களில் மணிக்கணக்காகப் பயணிகள் ரயிலே இல்லாமல் இருந்து, அப்புறம் மூன்று நான்கு அடுத்தடுத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமானால், எந்த ரயில் எப்போது போக வேண்டும் என்று முடிவெடுக்கும் செக்‌ஷன் கன்ட்ரோலரின் மேசைக்குப் போக வேண்டும். இன்று பல இடங்களில் அது கணினித் திரை. முன்பு நீளமான கட்டத்தாள். படுக்கைவாக்கில் நேரம், நெட்டுவாக்கில் ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. விரைவு ரயிலின் கோடு செங்குத்தாக ஏறும், கூட்ஸின் கோடு படுத்துக்கொண்டு போகும். ஒற்றைப் பாதையில் எதிர்த் திசைக் கோடுகளும் சேர்ந்துகொள்ளும். இரண்டு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அந்த இடத்தில் ஒரு லூப் லைன் இருந்தே ஆக வேண்டும். காகிதத்தில் கோடு எங்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளும், தண்டவாளத்தில் அதற்கு ஒரு ஸ்டேஷன் தேவை. கன்ட்ரோலர் அந்த வெட்டுப்புள்ளியை முன்னாலோ பின்னாலோ ஒரு ஸ்டேஷனுக்கு நகர்த்துகிறார். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ரயிலில் உட்கார்ந்து காத்திருக்கிறார்.

இதில் கன்ட்ரோலர் சந்திக்கும் நெருக்கடியைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பயணிகள் ரயிலுக்காகக் கூட்ஸை ஒதுக்கலாம்தானே என்று கேட்கத் தோன்றும். 700 மீட்டர் நீளமுள்ள ஒரு கூட்ஸ் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் லூப்புக்குள் நுழைந்தால், வால் உள்ளே வரவே மூன்று நிமிடம் ஆகும். அதற்கு முன் வேகத்தைக் குறைக்கும் நேரம் தனி. நிலக்கரியோ இரும்புத் தாதுவோ ஏற்றிய பல்லாயிரம் டன் வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி பழைய வேகத்தைப் பிடிக்கப் பல கிலோமீட்டர் ஓட வேண்டும். ஏற்றத்தில் நின்றால் இன்னும் சிரமம். பின்னால் வரும் பயணிகள் ரயில் இன்னும் தொலைவில் இருந்தால், "கூட்ஸை நிறுத்த வேண்டாம், அடுத்த ஸ்டேஷன் வரை ஓட்டிவிடலாம்" என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் லூப் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஏற்கெனவே ஒரு ரேக் (வேகன்கள் கோத்த இன்னொரு கூட்ஸ்) நின்றுகொண்டிருந்தால்? அதற்கடுத்த ஸ்டேஷன் வரை பயணிகள் ரயில் கூட்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர வேண்டியதுதான்.

சட்டம் ஒன்று, லூப்பின் நீளம் இன்னொன்று

அமெரிக்காவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயணிகளுக்கே முன்னுரிமை என்று சட்டத்தில் எழுதி வைத்த நாடு அது. அப்படியும் பயணிகள் காத்திருக்கிறார்கள்.

அங்கே பெரும்பாலான தண்டவாளங்கள் தனியார் சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தம். ஒரு காலத்தில் அவையே பயணிகள் ரயிலும் ஓட்டின. விமானமும் காரும் வந்த பிறகு அது நஷ்டத் தொழிலானது. அந்தச் சுமையை அவற்றின் தோளிலிருந்து இறக்கி, 1971 மே 1 முதல் ஆம்ட்ராக் என்ற அமைப்பு பயணிகள் ரயில்களை ஓட்டத் தொடங்கியது. ஆம்ட்ராக் ரயில்கள் ஓடும் தூரத்தில் பத்தில் ஏழு பங்கு இன்றும் பிறருடைய தண்டவாளத்தில்தான். அவற்றை எப்போது விடுவது, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் கன்ட்ரோலர், பெரும்பாலும் தண்டவாளத்துக்குச் சொந்தமான சரக்கு நிறுவனத்தின் ஊழியர். இரண்டே ஆண்டுகளில் பிரச்சினை தெரிந்துவிட்டது. சரக்கு ரயிலைவிடப் பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1973இல் சட்டம் வந்தது.

ஆனால் இந்த உரிமையை மீறினால் ஆம்ட்ராக் தானாக வழக்குப் போட முடியாது. மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர்தான் போட வேண்டும். 1979இல் சதர்ன் பசிபிக் நிறுவனத்தின் மீது ஒரு வழக்கு வந்தது. அடுத்த வழக்கு எப்போது என்று நினைக்கிறீர்கள்? 2024 ஜூலையில், நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் மீது. நியூயார்க்குக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடும் கிரெசன்ட் ரயிலைப் பற்றியது அது. இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள். அத்தனை காலமும் எல்லா ரயிலும் ஒழுங்காக ஓடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சட்டத்தைவிட வலுவான இன்னொன்றும் நடந்தது: சரக்கு ரயில்கள் நீண்டன. இரண்டு சிறிய வண்டிகளுக்குப் பதில் ஒரு பெரிய வண்டியை ஓட்டினால் ஊழியர் செலவும் எரிபொருளும் மிச்சமாகும். ஹன்டர் ஹாரிசன் என்ற நிர்வாகி முன்னெடுத்த சிக்கன முறை ஒவ்வொரு நிறுவனமாகப் பரவியபோது இந்தப் போக்கும் வேகமெடுத்தது. 2008க்குப் பிறகான சுமார் பத்து ஆண்டுகளில் ரயில்களின் சராசரி நீளம் 25 விழுக்காடு கூடியதாக அரசின் தணிக்கை அமைப்பு 2019இல் சொன்னது. மூன்று மைலை நெருங்கும் வண்டிகளும் ஓடுகின்றன. ஆனால் லூப்கள் அந்த வேகத்தில் நீளவில்லை. பல இடங்களில் அவை ஒன்றரை மைலுக்கும் குறைவு.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக ஒரு நீண்ட கூட்ஸும் ஒரு பயணிகள் ரயிலும் வருகின்றன. கூட்ஸ் லூப்புக்குள் அடங்காது. பயணிகள் ரயில் அடங்கும். எனவே ஒதுங்குவது எப்போதும் பயணிகள் ரயில்தான். கன்ட்ரோலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சட்டப் புத்தகத்தை மேசையிலேயே வைத்திருந்தாலும், அவர் கையில் வேறு வழி இல்லை. லூப்பில் அடங்காத வண்டியைக் கட்டும்போதே முன்னுரிமை யாருக்கு என்று முடிவாகிவிட்டது. இதை விபத்து என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. லாபம் ஒருவருக்கும் காத்திருப்பு இன்னொருவருக்கும் போகும்படி எடுக்கப்பட்ட முடிவு இது.

நிறுவனங்களின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பாதையைப் போட்டுப் பராமரிப்பது நாங்கள், எங்கள் பாதையில் ஓட ஆம்ட்ராக் தருவது கூடுதல் செலவுக்கான தொகை மட்டுமே என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. அந்தப் பயணிகள் சுமையிலிருந்து விடுபட்டதுதான் 1971இல் அவர்களுக்குக் கிடைத்த விலை என்பதும் உண்மை.

அங்கே இன்னொரு விதி. ஊழியர்கள் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. பாதுகாப்புக்கு அவசியமான, நல்ல விதி. ஆனால் முன்னால் போகும் கூட்ஸ் ஏற்கெனவே தாமதமாகி அதன் ஓட்டுநருக்கு 12 மணி நேரம் முடிந்துவிட்டால், அது எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடும். சில நேரம் மெயின் லைனிலேயே. மாற்று ஊழியர்கள் வேனில் வந்து சேரும்வரை பின்னால் இருக்கும் பயணிகள் ரயிலும் காத்திருக்க வேண்டும்.

கனடாவில் அமெரிக்காவைப் போன்ற முன்னுரிமைச் சட்டமே இல்லை. அங்கே வியா ரயில் என்ற அரசு நிறுவனம் பயன்படுத்தும் தண்டவாளத்தில் மிகச் சிறு பங்குதான் அதற்குச் சொந்தம். டொரன்டோவிலிருந்து வான்கூவர் வரை நான்காயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடும் ரயிலின் பயணம் முன்பு மூன்று இரவு. 2008இல் அதை நான்கு இரவாக்கிவிட்டார்கள். வண்டியின் வேகம் குறைந்துபோகவில்லை. காத்திருப்பைக் கால அட்டவணைக்குள்ளேயே எழுதிவிட்டார்கள்.

முன்னுரிமை இருந்தும் நிற்கும் ரயில்கள்

இந்தியாவில் நிலைமை தலைகீழ். தண்டவாளமும் ரயிலும் கன்ட்ரோலரும் ஒரே அரசு ரயில்வேக்குச் சொந்தம். வழக்கமான வரிசையில் பயணிகள் ரயில்கள் முன்னால், கூட்ஸ் கடைசி. அப்படி ஒதுங்கி ஒதுங்கித்தான் கூட்ஸின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவிலேயே கிடந்தது. 2015 ரயில்வே பட்ஜெட் உரையில் அமைச்சர் சுரேஷ் பிரபு இதை வெளிப்படையாகவே சொன்னார். ஒரே தண்டவாளத்தில் ராஜதானி, சதாப்தி, சாதாரண பாசஞ்சர், கூட்ஸ் எல்லாம் ஓடுகின்றன. மணிக்கு 130 கிலோமீட்டர் ஓடக்கூடிய ராஜதானியின் சராசரியே 70ஐத் தாண்டுவதில்லை என்றார். நெரிசல் மிகுந்த வழித்தடங்களின் 1,219 பிரிவுகளில் 492 பிரிவுகள் நூறு விழுக்காட்டுக்கு மேல் நிரம்பி ஓடுகின்றன என்ற கணக்கும் அந்த உரையில் இருந்தது.

நூற்றுக்கு மேல் எப்படி ஓடும்? பாதையின் கொள்ளளவைக் கணக்கிடும்போது பராமரிப்புக்கு என்று நேரம் ஒதுக்கி வைப்பார்கள். அந்த நேரத்தையும் எடுத்து ரயில் விட்டால் கணக்கு நூறைத் தாண்டும். பராமரிப்பு தள்ளிப்போனால் பாதை பழுதாகும், வேகக் கட்டுப்பாடு போட வேண்டிவரும், அதனால் இன்னும் தாமதம். உலக ரயில்வே கூட்டமைப்பான யு.ஐ.சி., பயணிகளும் சரக்கும் கலந்து ஓடும் பாதையை நாள் முழுவதற்குமான கணக்கில் 60 விழுக்காடு, நெரிசல் நேரத்தில் 75 விழுக்காடு வரைதான் நிரப்பலாம் என்று பரிந்துரைக்கிறது. மீதி வீணாகக் கிடக்கும் இடம் இல்லை. ஒரு ரயில் பத்து நிமிடம் பிந்தினால் அந்தப் பத்து நிமிடத்தை விழுங்கிக்கொள்ள வைத்திருக்கும் இடம். அது இல்லாத பாதையில் காலையில் ஒரு கூட்ஸின் இன்ஜின் கோளாறு சாயங்காலம் வரை ஒவ்வொரு ரயிலாகத் தொற்றிக்கொண்டே போகும்.

முன்னுரிமையும் எப்போதும் பயணிகள் பக்கமே நிற்காது. 2022 கோடையில் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி தீர்ந்துகொண்டு வந்தபோது, ரேக்குகளுக்கு வழிவிட நூற்றுக்கணக்கான பயணிகள் ரயில் சேவைகளை ரத்து செய்தார்கள். வீடுகளுக்கு மின்சாரம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அடிபட்ட பட்டியலில் சாதாரண பாசஞ்சர், மெமு ரயில்களும் இருந்தன. தினக்கூலிக்குப் போகிறவர்களும் மாணவர்களும் ஏறும் வண்டிகள். இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயணிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இன்னொரு பக்கம், ரயில்வே வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. டிக்கெட் விலை குறைவாக இருப்பதும் அந்தப் பணத்தால்தான். கூட்ஸைத் திட்டிவிட்டு நகர முடியாத சிக்கல் இது.

இதற்காகத்தான் கூட்ஸுக்கென்றே தனிப் பாதைகள் வந்தன. லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டருக்குக் கிழக்குப் பாதை, தாத்ரியிலிருந்து மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டருக்கு மேற்குப் பாதை என்று திட்டம். அங்கே கூட்ஸ் 100 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள வண்டியும் அடங்கும்படி லூப்கள் போட்டிருக்கிறார்கள். பழைய பாதையில் கூட்ஸ் குறைந்தால் வேக வித்தியாசமும் குறைகிறது. நம் 46 நிமிடக் கணக்கின் முடிச்சு அவிழ்வது அங்கேதான். எனக்கு ஒரே கவலை, காலியான நேரத்தை உடனே புதிய ரயில்களால் நிரப்பிவிடுவார்கள் என்பது. அந்த இடத்தில் கொஞ்சத்தைக் காலியாகவே விட்டுவைக்க மனத்துணிவு வேண்டும்.

கணக்கில் வராத தாமதம்

தாமதத்தை எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். கடைசி ஸ்டேஷனில் மட்டும் அளந்தால், அதற்கு முந்தைய சில கிலோமீட்டருக்குத் தேவைக்கு அதிகமாக நேரம் கொடுத்துவிட்டால் போதும். வழியெல்லாம் 50 நிமிடம் பிந்தி ஓடிய ரயில் கடைசியில் 'சரியான நேரத்தில்' வந்துவிடும். இடையில் இறங்கி, இணைப்பு ரயிலைத் தவறவிட்டவர் எந்தக் கணக்கிலும் இல்லை. அமெரிக்காவில் 2020இல் வந்த விதி இதை மாற்றியது. ஒவ்வொரு பயணியும் இறங்கும் ஸ்டேஷனில் அளக்க வேண்டும். 80 விழுக்காடு பயணிகளாவது 15 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் அது நடக்காவிட்டால் விசாரணை கோரலாம். 2008இலேயே சட்டம் வந்தும், நீதிமன்றங்களில் இழுபட்டு இந்த நிலைக்கு வர 12 ஆண்டுகள் ஆகின.

வர்ஜீனியா மாநிலம் வேறு வழியில் போனது. சரக்கு நிறுவனத்தோடு சண்டை போடாமல், 2019இல் அதனிடமிருந்து பாதையின் ஒரு பகுதியையே வாங்க ஒப்பந்தம் போட்டது. வாஷிங்டனுக்குள் நுழையும் போட்டோமாக் ஆற்றின் மேல் இருப்பது 1904இல் கட்டிய இரட்டைப் பாதைப் பாலம், சரக்கும் பயணிகளும் அதில்தான் போக வேண்டும். அதன் பக்கத்தில் பயணிகள் ரயிலுக்கென்று இன்னொரு இரட்டைப் பாதைப் பாலத்துக்கு 2024 அக்டோபரில் வேலை தொடங்கியது.

எல்லா இடத்திலும் இப்படிப் பாலம் கட்ட முடியாது. பாதை ஒன்றுதான், யாராவது ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும் என்ற நிலையும் வரும். 2023 ஆகஸ்ட் 10 அன்று சுவிட்சர்லாந்தின் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் அடித்தளச் சுரங்கத்தில் சக்கரம் உடைந்து ஒரு கூட்ஸ் தடம்புரண்டது. இரண்டு குழாய்களில் ஒன்று மோசமாகச் சேதமானது. மிஞ்சிய ஒன்றில் யாரை விடுவது? ஆகஸ்ட் 23 முதல் சரக்கை விட்டார்கள். பயணிகள் ரயில்கள் பெரும்பாலும் பழைய மலைப்பாதையில் சுற்றிப் போயின. பயண நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடியது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் கால அட்டவணையிலேயே இருந்தது. டிக்கெட் வாங்கும்போதே பயணிக்குத் தெரியும். நடுக்காட்டில் லூப் லைனில் உட்கார்ந்து வேகன் எண்ண வேண்டியதில்லை. 2024 செப்டம்பர் 2 அன்று சுரங்கம் முழுவதும் திறந்தபோது அந்த ஒரு மணி நேரத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.